எல்லைக்கோட்டின் ஓரத்தில் நாற்பது ஆண்டுகள்

ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் இரவின் கடைசிப் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்கள் இரு வகையினர். அதில் ஏறிச் செல்ல வேண்டியவர்கள் ஒரு வகை. அதிலிருந்து இறங்கி வருபவரை எதிர்பார்த்திருப்பவர்கள் மற்றொரு வகை. 1980களின் நடுவில், மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் நான் இந்த இரண்டாம் வகையினருடன் நின்றதுண்டு. எனக்கு உறவினர் எவரும் வர வேண்டியதில்லை. நான் படித்த கல்லூரியின் கால்பந்தாட்ட அணி அன்று மாலை எங்கேனும் ஆடியிருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற யாரேனும் ஒருவர் அப்பேருந்தில் இருக்கமாட்டாரா என்ற நப்பாசைதான் என்னை அங்கே நிறுத்தி வைத்தது.

வீட்டில் தொலைபேசி இல்லாத காலம் அது. கல்லூரி ஆட்டங்களின் முடிவு நாளிதழில் இடம் பிடித்தால் இரண்டு வரி தேறும். அதுவும் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். எனவே பேருந்திலிருந்து இறங்குகிறவரின் முகமே எங்களுக்குப் பத்திரிகை. வென்றிருந்தால் அவர் படிக்கட்டில் நின்றபடியே விரல்களை உயர்த்தி எத்தனை கோல் என்று காட்டுவார். தோற்றிருந்தால் மெல்ல இறங்கி வந்து, "சாப்பிட்டாச்சா, பாய்?" என்று வேறு பேச்சை எடுப்பார். அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிடும்.

எங்கள் ஊருக்கு அருகே காவலூரில் பெரிய வானாய்வகம் இருப்பதை வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1986ஆம் ஆண்டில் அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டபோது ஊரெங்கும் அதே பேச்சு. என் மனைவி அதை வைத்தே எனக்கு ஒரு பாடம் சொன்னாள். "காவலூரில் இருப்பவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள். நீங்கள் கைக்காசைச் செலவழித்துக் கண் விழிக்கிறீர்கள்." அவள் சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் நான் போவதை நிறுத்தவில்லை. அவளும் இரவுச் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பதை நிறுத்தவில்லை.

ஒருவன் கல்லூரியை விட்டு வெளியேறி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்பும், தன் மகன் வயதும் அதன்பின் பேரன் வயதும் உடைய பிள்ளைகள் பந்தை உதைப்பதைக் காண ஏன் போகிறான்? அது வெறும் பொழுதுபோக்கா? அல்லது அதற்குள் ஒரு கடமையும் ஒளிந்திருக்கிறதா? இக்கேள்விக்கு நான் விடை கண்டது மிகத் தாமதமாகத்தான். அந்த விடைக்கு வேறொருவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெயர் சொல்லாத கல்லூரி

என் கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றக் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிடுவார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். மற்றொரு காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் வாசகர்களே உணர்ந்துகொள்வீர்கள்.

நம் வட்டாரத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வேலூரில் ஊரீஸ் கல்லூரி 1898ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இலும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தொடங்கப்பட்டன. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைப் பிள்ளைகளின் கல்விக்காக வாரி வழங்கிய பெரியவர்கள் நம் பகுதியில் பலர் வாழ்ந்திருக்கிறார்கள். தம் பெயர் எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களிலிருந்து பட்டதாரிகள் வந்தது அவர்களின் ஈகையால்தான்.

முன்பெல்லாம் இக்கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் பல்கலைக்கழக அணியில் இடம் பெற வேண்டுமானால் சென்னையின் பெரிய கல்லூரிகளைச் சேர்ந்தவர்களோடு போட்டியிட்டாக வேண்டும். 2002ஆம் ஆண்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வேலூரில் அமைந்த பிறகு நிலைமை மாறியது. மாவட்டமும் மாறிவிட்டது. வட ஆற்காடாக இருந்து வேலூராகி, 2019இலிருந்து நாங்கள் திருப்பத்தூர் மாவட்டத்தினர். பல்கலைக்கழகமும் மாவட்டமும் மாறிய போதிலும் மைதானத்தில் ஒலிக்கும் கூச்சல் மட்டும் மாறவே இல்லை. எதிரே நிற்பது பக்கத்து ஊர்க் கல்லூரி என்றால் அது இருமடங்காகும்.

மாணவர்கள் வளர்த்த ஆட்டம்

கால்பந்தாட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால், அதன் வேர் கல்வி நிலையங்களில் ஓடுவதைக் காணலாம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு ஆடிய காலம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வந்து கூடிய மாணவர்கள், ஒரு பள்ளியின் விதி மற்றப் பள்ளிக்குப் பொருந்தாமல் திண்டாடி, 1848இல் அமர்ந்து பேசிப் பொதுவிதி ஒன்றை வகுத்தார்கள். 1863இல் இலண்டனில் கால்பந்துச் சங்கம் அமைந்தபோது அந்த விதிகளும் வழிகாட்டியாக இருந்தன.

அக்காலத்தின் புகழ்பெற்ற அணிகளில் சில, பள்ளிகளின் முன்னாள் மாணவர்களால் அமைந்தவை. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பழைய மாணவர்கள் 1881இல் இங்கிலாந்தின் சங்கக் கோப்பையை வென்றார்கள். ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள் 1879இலும் 1882இலும் வென்றார்கள். மறு ஆண்டில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. 1883இன் இறுதி ஆட்டத்தில் செல்வச் சீமான்களின் பிள்ளைகளான அந்த ஈட்டன் அணியை, பிளாக்பர்ன் என்னும் நெசவாலை நகரிலிருந்து வந்த தொழிலாளர் அணி 2–1 என்ற கணக்கில் தோற்கடித்தது. ஆலைத் தொழிலாளியின் காலுக்கும் கோப்பையை வெல்லும் வலிமை உண்டு என்பதை அன்று உலகம் கண்டது. தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த நம் வட்டாரத்தினர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

அமெரிக்காவில் இந்தப் பழைய மாணவர் பற்று ஒரு திருவிழாவாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே 'ஃபுட்பால்' என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு இலட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் அமர இடமுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை 'ஹோம்கமிங்' என்று நாள் குறித்து, நரைத்த தலையுடன் பழைய மாணவர்கள் ஊர் ஊராகத் திரண்டு வருகிறார்கள். தாய்வீடு திரும்பும் நாள் என்று அதை நாம் சொல்லலாம்.

நம் நாட்டிலும் தொடக்கம் மாணவர்களிடம்தான். 1877ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், வெள்ளையர் ஆடிய பந்து தன் பக்கம் உருண்டு வர, அதை உதைத்து அனுப்பினான் என்றும், பின்னர் தன் பள்ளித் தோழர்களிடம் காசு திரட்டிப் பந்து வாங்கினான் என்றும் சொல்வார்கள். கடையில் வகை தெரியாமல் ரக்பிப் பந்தை வாங்கி வந்தார்களாம்! அதைப் பார்த்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாராம். இந்திய மாணவரிடையே இவ்விளையாட்டு பரவியதன் முதல் அத்தியாயம் இவ்வாறு ஒரு நகைச்சுவையோடு தொடங்குகிறது. அங்கிருந்து முப்பத்து நான்கு ஆண்டுகளில், 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றின் அணியை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர்.

பூட்ஸ் அணிந்த கால்கள்

வெறுங்காலின் வீரத்தைப் பாடுகிறவர்கள் பலர். தோல் தொழிலில் கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கோ, அதற்கடுத்த அத்தியாயம்தான் நெஞ்சுக்கு நெருக்கமானது.

1891இல் அமைந்த கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப், 1934ஆம் ஆண்டில்தான் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த அவ்வாண்டே அது பட்டத்தை வென்றது. அதுவரை எந்த இந்திய அணியும் அந்த லீக்கை வென்றதில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அவர்களிடமே இருந்தது. 1936இல் கேடயமும் சேர்ந்தது. 1940இல் டில்லியில் நடந்த டூராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ராயல் வார்விக்‌ஷையர் படைப்பிரிவை வென்று, அக்கோப்பையைப் பெற்ற முதல் இந்திய அணி என்ற பெருமையையும் அடைந்தது.

இவ்வெற்றிகளுக்குக் காரணங்கள் பல. பெங்களூர் உட்பட நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீரர்களைத் தேடிச் சேர்த்தது ஒன்று. மற்றொன்று பூட்ஸ். கல்கத்தாவின் கால்பந்துப் பருவம் மழைக்காலத்தில் வருவது. காய்ந்த தரையில் வெறுங்கால் வீரன் மான்போல் துள்ளுவான். சேற்றில் அவன் வழுக்கி விழுவான். இரும்பு போன்ற பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்க்கு அங்கேதான் கொண்டாட்டம். இதைக் கண்டுகொண்ட முகமதன் ஸ்போர்ட்டிங் நிர்வாகிகள், ஈரத் தரையில் ஆடும்போது தம் வீரர்களை எடை குறைந்த பூட்ஸ் அணியப் பழக்கினார்கள். எளிய செய்திதான். ஆனால் ஒரு வீரனின் காலுக்கு என்ன தேவை என்று ஆட்டத்துக்கு வெளியே நின்ற சிலர் அக்கறையோடு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். திறமை வீரனுடையது, அவனுடைய காலைக் காப்பது மற்றவர்களின் பொறுப்பு.

பந்தின் கதையும் நம் தொழிலைச் சேர்ந்ததே. சுற்றளவு 68 முதல் 70 செண்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம் என்பது இன்றைய விதி. அக்காலத்துத் தோல் பந்து மழையில் நீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். பதனிட்ட தோல் நனைந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். 1986ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில்தான் முதன்முறையாகத் தோல் இல்லாத செயற்கைப் பந்தைப் பயன்படுத்தினார்கள்.

ஆசிரியர் ரஹீம்

கல்லூரி மைதானத்திலிருந்து ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் சான்று. 1909இல் பிறந்தவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று அதன் அணிக்கு ஆடியவர், பின்னர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் பயிற்சி அளித்த ஐதராபாத் நகரக் காவல் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951இல் டில்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தைப் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது. 1962இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் வென்றது.

ஜகார்த்தா இறுதி ஆட்டம் 1962 செப்டம்பர் 4 அன்று தென் கொரியாவுடன் நடந்தது. போட்டி நிர்வாகம் பற்றி எழுந்த ஓர் அரசியல் தகராறின் காரணமாக, அரங்கை நிறைத்திருந்த உள்ளூர் மக்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னெயில் சிங் முன்வரிசையில் ஆடினார். ஐதராபாத்தில் பிறந்த தமிழரான பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்தார். பி.கே. பானர்ஜியும் ஜர்னெயில் சிங்கும் கோல் அடிக்க, இந்தியா 2–1 என்று வென்றது.

அந்த அணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு செய்தி உண்டு. அத்தனை பெரிய அரங்கில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள், அங்கு வந்திருந்த பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்தாம்! ஹாக்கித் திடலில் இந்தியாவின் முதல் எதிரிகள் அவர்கள். ஆயினும் ஓர் அணி தனித்து நின்று ஏச்சு வாங்குவதைக் கண்டபோது அதன் பக்கம் நின்றார்கள். ரசிகன் என்பவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் அறியேன். ரஹீம் அப்போது புற்றுநோயால் உடல் தளர்ந்திருந்தார். 1963 ஜூன் 11 அன்று அவர் மறைந்தார்.

நான் செய்த தவறு

இந்த வரலாறெல்லாம் எனக்கு மனப்பாடம். தேநீர்க் கடையில் அமர்ந்து ஆண்டும் கணக்கும் தவறாமல் சொல்வேன். அப்படிப்பட்ட நான்தான் கீழ்க்காணும் காரியத்தையும் செய்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கல்லூரி அணிக்கு ஆடியவன் அல்லன். மூன்று ஆண்டுகளும் அணியின் தண்ணீர்க் குடத்தையும் பந்துப் பையையும் சுமந்தவன். அணியின் சட்டையை ஒருநாளும் என் உடல் அறிந்ததில்லை. ஒருவேளை அதனால்தான் அந்தச் சட்டையின் மீது எனக்கு அத்தனை மோகம்.

பல ஆண்டுகளுக்கு முன், மழை தூறிய ஒரு மாலையில், கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே இருந்தது. இரு தரப்பும் கோல் அடிக்கவில்லை. எதிரணியினர் தொலைவிலிருந்து உதைத்த, வேகம் ஏதுமில்லாத ஒரு பந்து தரையோடு உருண்டு வந்தது. எங்கள் கோல் கீப்பர் அதை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். கால் வழுக்கியது. பந்து அவன் கைகளின் அடியில் புகுந்து கோலுக்குள் சென்றது. நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அவன் எல்லைக்கோட்டைக் கடந்து வந்தபோது, நான் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றேன். அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இந்தச் சட்டையைப் போட உனக்குத் தகுதி கிடையாது. கழற்றி வைத்துவிட்டுப் போ!" என்று கத்தினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். அவன் ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, பெஞ்சின் மீது வைத்துவிட்டு நடந்தான்.

அதன் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு வேறொரு பையன் கோலுக்குள் நிற்பதைக் கண்டு உடற்கல்வி ஆசிரியரிடம் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி இதுதான்: அந்தப் பையன் இரவில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் படித்தவன். அன்று அணிந்திருந்த பூட்ஸ் அவனுடையது அன்று. அண்ணன் முறையுள்ள ஒருவரிடம் இரவல் வாங்கியது. அவன் கால் ஏழாம் அளவு. பூட்ஸ் ஒன்பதாம் அளவு. முனையில் துணியைத் திணித்துக்கொண்டு ஆடியிருக்கிறான். மழையில் துணி நனைந்து கால் உள்ளேயே புரண்டுவிட்டது.

நாட்டின் பல ஊர்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் காலணி செய்து அனுப்பும் வட்டாரம் நம்முடையது. அங்கே இரவெல்லாம் ஊரார் கால்களுக்கு ஷூ தைத்த ஒரு பிள்ளை, தன் காலுக்குப் பொருந்தாத பூட்ஸோடு கோல் காத்திருக்கிறான். அவனைப் பார்த்துத் தகுதி பேசியவன், ஒருநாளும் அந்தச் சட்டையை அணியாத நான்.

இழப்பு ஓர் ஆட்டத்தோடு முடியவில்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால், விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் இரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைக்க வழியுண்டு. அவ்வாண்டு பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அவன் பெயரும் போக இருந்ததாம். அவன் போகவில்லை.

பற்றும் வெறியும்

துனிஸ் நகரில் 1332இல் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், தம்முடைய 'முகத்திமா' என்னும் நூலில் 'அஸபிய்யா' என்ற சொல்லை ஆராய்கிறார். ஒரு கூட்டத்தார் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் பற்று அது. அரசுகள் எழுவதும் அந்தப் பற்றினால். அது தளரும்போது அவை சரிகின்றன என்பது அவர் கருத்து. அதே சொல், நீதி அநீதி பாராமல் தன் கூட்டத்தை மட்டும் உயர்த்திப் பிடிக்கும் வெறியையும் குறித்து வழங்குகிறது. தாங்கும் தோளும் தள்ளும் தோளும் ஒன்றே என்பதை இச்சொல் நமக்கு உணர்த்துகிறது.

என் கல்லூரியின் மீது எனக்கிருந்தது பற்று என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எதிரணி தவறு செய்தால் நடுவரைக் கூவி அழைப்பேன். நம் பையன் செய்தால் வானத்தைப் பார்ப்பேன். வென்ற நாளில் 'நாம் வென்றோம்' என்பேன். தோற்ற நாளில் 'அவர்கள் தோற்றுவிட்டார்கள்' என்பேன். வாசக நேயர்களே, இந்தச் சொல் மாற்றத்தைச் சற்றே கவனியுங்கள். வெற்றியில் பங்கு கேட்கும் நாக்கு, தோல்வியில் பங்கை மறுக்கிறது. அந்த நாக்குக்குச் சொந்தக்காரன் எத்தனை ஆண்டுகள் எல்லைக்கோட்டில் நின்றிருந்தாலும் அவனை அந்த அணியைச் சேர்ந்தவன் என்று எப்படிச் சொல்வது?

நாம் செய்யக்கூடியவை

அந்த ஆண்டிலிருந்து நானும் என்னோடு படித்த சிலரும் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். கல்லூரி திறந்து அணி தேர்வானதும் ஒரு மாலை மைதானத்துக்குப் போவோம். வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் அதன்மேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுப்போம். காலணிக்கு அளவெடுக்கும் பழைய முறைதான். பதினாறு பதினெட்டுப் பேரின் கால்கள். அந்தத் தாள்களோடு வேலூருக்குப் போய் பூட்ஸ் வாங்கி வருவோம். யார் பணம் கொடுத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இது பெரிய கொடை அன்று. நம் ஊர்களில் ஒரு திருமணத்தின் பந்தல் அலங்காரத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதி. ஆனால் இதைச் செய்யத் தொடங்கிய பின்னர்தான் அணிக்கு வேறு என்னென்ன இல்லை என்று கண்ணில் படலாயிற்று.

பயிற்சிக்குப் பிறகு பசியோடு பேருந்தேறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு முட்டையும் வாழைப்பழமும் போதும். ஆட்டங்களுக்காக வகுப்பைத் தவறவிடும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. மைதானத்தில் முதலுதவிப் பெட்டியும் பனிக்கட்டியும் எப்போதும் இருக்க வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கிய பிள்ளையை, எழுந்து நின்றுவிட்டான் என்பதற்காக மீண்டும் ஆட விடலாகாது. மருத்துவரிடம் காட்டிய பின்னரே அவன் களம் இறங்க வேண்டும். ஜர்னெயில் சிங்கின் துணிவைப் போற்றுவோம். அதை நம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க வேண்டாம். ரமளான் மாதத்தில் நோன்பிருக்கும் வீரர்களுக்காகப் பயிற்சியை இரவுக்கு மாற்றித்தர நிர்வாகத்திடம் பேசுவதும் பழைய மாணவர்களால் ஆகக்கூடியதே.

இல்லங்களில் இருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். சேறு படிந்த சட்டையோடு பிள்ளை வீடு திரும்பினால், "படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே" என்று கண்டிப்பது உங்கள் உரிமை. அதற்கு முன், "அடி ஏதும் பட்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தோற்று வந்த பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை மருந்து.

எத்தனைக்கு எத்தனை?

சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போன அந்தப் பையனை நான் மீண்டும் சந்தித்தது பல ஆண்டுகள் கழித்து, ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில். அவன் என்று இனி எழுதுவது முறையன்று. ஒரு ஷூ கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தார். கையில் மதிய உணவுப் பை. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, "பாய், சௌக்கியமா?" என்று கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பல ஆண்டுகளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த சொற்கள். வாய்க்கு வந்தபோது பாதிதான் வந்தன. அவர் கையமர்த்தினார். "பழைய கதை, பாய். பந்தை விட்டது நான்தானே" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவர் கேட்டார். கல்லூரி ஆட்டம் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னேன்.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்படியா? எத்தனைக்கு எத்தனை?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தோற்ற நாளில் 'அவர்கள்' என்று சொல்லி நான் விலகிக்கொண்ட அந்த அணியை, அவமதிக்கப்பட்டு வெளியேறியவர் அத்தனை ஆண்டுகளும் தம்முடையதாகவே வைத்திருந்திருக்கிறார்.

அன்று நாங்கள் தோற்றிருந்தோம். 'சாப்பிட்டாச்சா' என்று பேச்சை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. "ஒன்றுக்கு மூன்று. தோற்றுவிட்டோம்" என்றேன்.

"பரவாயில்லை, பாய். அடுத்த ஆட்டம் எப்போது?" என்றார்.

அடுத்த ஆட்டத்துக்கு அவரும் வந்தார். இப்போது ஆண்டுதோறும் தாள் விரித்துப் பிள்ளைகளின் கால் அளவை எடுப்பவர் அவர்தான். எங்களைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். கோல் கீப்பரின் பாதத்தை மட்டும் இரண்டு முறை அளக்கிறார்.